கச்சேரிக்காரர்கள் கொடுத்த இசைத்தட்டு: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாத இதழில், மழை நாளில் கேட்பதற்கு ஏற்ற இசைத்தொகுப்பு ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவினர் 1970ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட 'அமெரிக்கன் பியூட்டி' என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு, பாகவதர் பாட்டைப் பற்றிய அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் பாகவதருக்கு வந்தவற்றைவிட அதிகம். ஆகவே இந்த மாதம் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். பாகவதர் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனை ஆலையில் இரவு வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தத் தொகுப்பைக் கைப்பேசியில் தேடிக் கேட்டேன். மூன்று வாரமாக வேறு எதையும் கேட்க மனம் வரவில்லை. ஈப்போவில் இருக்கும் என் நண்பர் அந்தக் குழுவின் மேடைப் பதிவுகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர். "ஸ்டூடியோவில் எடுத்ததைக் கேட்டு மயங்குகிறவன் அவர்களைக் கேட்டவனே இல்லை, திருவிழாவுக்குப் போகாமல் காலண்டரில் இருக்கும் சாமியைக் கும்பிடுகிறவன்" என்று கேலி செய்கிறார். என் மயக்கம் தவறானதா?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, காலண்டர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிட்டே பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மார்கள் நம் தோட்ட லயங்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை உங்கள் நண்பருக்கு முதலில் நினைவுபடுத்துங்கள். அதன் பிறகு அவர் பேச்சில் உள்ள நியாயத்தை நாமும் ஒப்புக்கொண்டுவிடலாம், ஏனென்றால் நியாயம் நிறையவே இருக்கிறது.

கிரேட்ஃபுல் டெட் 1965ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் உருவான குழு. அதன் கிடார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் இறக்கும் வரை, முப்பது ஆண்டுகளில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகளைச் செய்தார்கள். நேற்று வாசித்தபடி இன்று வாசிப்பது அவர்களுக்குப் பிடிக்காது. 'டார்க் ஸ்டார்' என்ற பாடல் 1968இல் சிறிய இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட ஓடவில்லை. மறு ஆண்டு 'லைவ் டெட்' என்ற மேடைப் பதிவில் அதே பாடல் 23 நிமிடத்தைத் தாண்டியது. 1972 ஆகஸ்ட் 27ஆம் நாள் ஓரிகன் மாநிலத்தில் கொளுத்தும் வெயிலில் நடந்த கச்சேரியில் அரை மணி நேரத்துக்கும் மேலாக நீண்டது. ரசிகர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வருவதை அவர்கள் தடுக்கவில்லை. 1984 முதல் அப்படிப்பட்டவர்களுக்கு அரங்கில் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தார்கள். பதிவு செய்ததை மாற்றிக்கொள்ளலாம், காசுக்கு விற்கக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. உங்கள் நண்பரின் அலமாரி அந்தப் பெருந்தன்மையால் நிறைந்தது.

இப்படிப் பழகியவர்களுக்கு ஸ்டூடியோ ஒத்துவரவில்லை என்பதும் உண்மைதான். 1969இல் வந்த அவர்களுடைய மூன்றாவது தொகுப்பான 'ஆக்ஸமாக்ஸோவா'வை (வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டாம்) எட்டுத் தடங்கள் கொண்ட கருவியில் பதிவு செய்யத் தொடங்கினார்கள். நடுவில் பதினாறு தடக் கருவி வந்து சேரவே, எடுத்ததை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். தீபாவளிக்கு முறுக்குச் சுடத் தொடங்கி, பாதியில் புது வாணலி வாங்கி வந்து, மாவை மறுபடி பிசைந்த கதைதான். முடிந்தபோது இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட 180,000 டாலர் கடன் நின்றது.

அந்தக் கடனோடுதான் 1970 பிறந்தது. இனி வீண் செலவு செய்ய முடியாது என்ற நிலையில், பாடல்களை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், ஜூன் மாதம் 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்' தொகுப்பை வெளியிட்டார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் வாலி ஹைடர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, உங்களை மூன்று வாரமாகப் பிடித்து வைத்திருக்கும் தொகுப்பைப் பதிவு செய்தார்கள். பத்துப் பாடல்கள், ஏறக்குறைய 42 நிமிடம். மேடையில் மின்கிடாரைக் கொண்டு வானத்தை அளந்தவர்கள் இதில் மரக்கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று குரல்களைச் சேர்த்துப் பாடுவதற்குப் பாடுபட்டிருக்கிறார்கள். அவர்கள் பிறவிப் பாடகர்கள் அல்லர். அந்தப் பாடு குரல்களில் கேட்கிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர். கோயில் வீதியில் அதைக் கேட்டவர்கள் கடைசிவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கடல் கடந்து இந்த நாட்டுக்கு வந்த தோடி 78 சுற்று இசைத்தட்டில் வந்தது. அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சம்தான் கொள்ளும். தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி வீட்டுக் கிராமபோனில் அது சுழலும்போது வேலியோரமாக நின்று கேட்ட தொழிலாளர்கள், தஞ்சாவூர்ப் பக்கம் போய் அவரைக் கேட்டிராதவர்கள். அவர்கள் ராஜரத்தினத்தைக் கேட்டவர்களே இல்லை என்று சொல்ல உங்கள் நண்பருக்கு வாய் வருமா? மணிக்கணக்கில் வாசிக்கத் தெரிந்தவர் மூன்று நிமிடத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்திருக்கிறார். விட்டதன் கனம் வைத்ததில் இருக்கிறது. மூன்று நிமிடம் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவரின் மூன்று நிமிடத்தில் அந்தக் கனம் இருக்காது. 'அமெரிக்கன் பியூட்டி'யில் நீங்கள் கேட்பது அந்த வகைச் சிக்கனத்தைத்தான்.

இந்தத் தொகுப்பை நான் அடைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் இந்தக் குழுவின் 'டச் ஆஃப் கிரே' பாடல் அமெரிக்கப் பட்டியலில் 9ஆம் இடம் வரை ஏறியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய் வாசித்தவர்களுக்கு முதல் பத்துக்குள் அப்போதுதான் இடம் கிடைத்தது. அதன் விளைவாக இவர்களுடைய பழைய தொகுப்புகளும் ஈப்போ கேசட் கடைகளில் தலை காட்டின. அப்போது நான் தோட்ட அலுவலகத்தில் இளைய கிராணி. ஐந்து வெள்ளி கொடுத்து வாங்கிய அந்தக் கேசட் அசல் அன்று என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முதல் பக்கத்தின் கடைசிப் பாடலான 'கேண்டிமேன்' முடிவதற்கு முன்பே நாடா தீர்ந்து டக்கென்று நின்றுவிடும். அந்தப் பாடல் அப்படித்தான் முடிகிறது, என்ன துணிச்சல் என்று பல ஆண்டுகள் வியந்துகொண்டிருந்தேன். பிற்பாடு முழுவதும் கேட்டபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

என் தகப்பனார் ரப்பர் பால் வெட்டியவர். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. அப்படி ஒரு காலையில், பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய்த் திரும்பி வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் மழை. உள்ளே நான் அந்தக் கேசட்டைப் போட்டிருந்தேன். தொகுப்பின் முதல் பாடலின் பெயர் 'பாக்ஸ் ஆஃப் ரெயின்', மழைப் பெட்டி. ஆங்கிலம் அறியாத தகப்பனார் சிறிது நேரம் கேட்டுவிட்டு, தீட்டுவதை நிறுத்தாமலே, "யாருக்குப்பா பாடுறான்?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

விடை பல ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது. அந்தப் பாடலைப் பாடுபவர், குழுவின் பேஸ் கிடார் கலைஞர் ஃபில் லெஷ். அவருடைய தந்தை அப்போது நோயில் கிடந்தார், பிழைக்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது. தந்தையிடம் பாடுவதற்காக ஒரு மெட்டை நெளிவு சுளிவுகளோடு முழுவதும் அமைத்துவிட்டு, சொல் மட்டும் இல்லாமல், குழுவின் பாடலாசிரியர் ராபர்ட் ஹண்டரிடம் கொடுத்தார். பேனா ஓடிய வேகத்தில் பாடல் எழுதப்பட்டுவிட்டது. தந்தை இருந்த மருத்துவ இல்லத்துக்குக் காரோட்டிப் போகும் வழியில் லெஷ் அதைப் பாடிப் பழகினார். மழைப் பெட்டி என்று தாம் சொன்னது நாம் வாழும் இந்த உலகத்தைத்தான் என்று ஹண்டர் பின்னால் விளக்கியிருக்கிறார். இன்னொரு செய்தியும் உண்டு. அந்த ஒரு பாடலில் லெஷ் தம் பேஸ் கிடாரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு மரக்கிடாரை எடுத்துக்கொண்டார். கார்சியா கிடாரை வைத்துவிட்டுப் பியானோவில் உட்கார்ந்தார். வீட்டில் ஒருவருக்குத் துக்கம் என்றால் அவரவர் வழக்கமான வேலையை விட்டுவிட்டுக் கைக்குக் கிடைத்த வேலையைச் செய்வார்களே, அதைப் போல. தொகுப்பு உருவான அதே பருவத்தில் கார்சியாவின் தாயாரும் கார் விபத்துக்குள்ளாகி இறந்துபோனார்.

என் தகப்பனார் படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் அந்தக் கேசட்டை ஒருமுறை போட்டேன். நாடா தேய்ந்து இரைச்சல் கூடியிருந்தது. "மழையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால் தம்பி, மேடைப் பதிவுகளை நண்பரிடம் வாங்கிக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'ஃபிரெண்ட் ஆஃப் த டெவில்' உங்கள் தொகுப்பில் துள்ளி ஓடுகிற பாடல். சில ஆண்டுகள் கழித்து மேடையில் அதை நடை தளர்த்தி, ஏறக்குறைய விளம்ப காலத்தில் வாசிக்கத் தொடங்கினார்கள். இரண்டும் அழகு. ஆனால் வயது ஏறாத அந்த முதல் ஓட்டம், இளமையில் எடுத்த புகைப்படம் போல, இந்தத் தட்டில்தான் இருக்கிறது. நண்பரின் அலமாரியிலும் அதற்கு ஓரிடம் காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஜாம் என்றால் ரொட்டியில் பூசுவது என்று மட்டுமே அறிந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். ஜாம் இசைக்குழு என்பது என்ன? நம்முடைய மனோதர்மமும் அதுவும் ஒன்றா?
(வாசகர், தெலுக் இந்தான்)

பதில்: ஆசிரியர் ஐயா, அண்ணன் தம்பி என்று சொல்லலாம், இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது. எழுதி வைத்த பாடலை ஒரு கதவாக வைத்துக்கொண்டு, அதன் வழியாக உள்ளே போய், முன்கூட்டியே தீர்மானிக்காத இடங்களில் எல்லோருமாகச் சுற்றிவிட்டு, முடிந்தால் அதே கதவு வழியாக, முடியாவிட்டால் வேறொரு பாடலின் கதவு வழியாக வெளியே வருவதை அவர்கள் ஜாம் என்கிறார்கள். நம் கச்சேரியில் ஆலாபனையோ நிரவலோ நடக்கும்போது பாடகர் முன்னால் போவார், வயலின் அவர் நிழலாக வரும், யாருடைய முறை எது என்பதில் குழப்பம் இராது. இவர்களிடம் முறை கிடையாது. ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஆனால் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டுக்கொண்டே பேசுவார்கள். ஃபில் லெஷ் இளமையில் டிரம்பெட் பயின்றவர், நவீன இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் பாடம் கேட்டவர். அவர் கையில் பேஸ் கிடார் சுருதிப் பெட்டியைப் போல அடியில் கிடக்காமல், தானும் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். 1967 முதல் இரண்டு தாளக் கலைஞர்கள் (நடுவில் சில ஆண்டுகள் ஒருவர் மட்டும்). பிற்காலக் கச்சேரிகளில் அவர்கள் இருவருக்கென்றே தனி நேரம் விடுவார்கள், நம் தனி ஆவர்த்தனம் போல. அந்த நேரத்தில் ரசிகர்கள் எழுந்து வெளியே போய் வருவதும் நம் சபாக்களைப் போலத்தான்.

தாங்கள் ஆர்மோனியம் வாசிப்பவர் என்று எழுதியிருந்தபடியால் ஒரு சிறு செய்தி. நான் மேலே சொன்ன 'ஃபிரெண்ட் ஆஃப் த டெவில்' பாடலின் தொடக்கத்தில் கிடார் ஒன்று மேலிருந்து படிப்படியாக இறங்கி வரும். அது நம் கணக்கில் சங்கராபரணத்தின் அவரோகணம். ச நி த ப ம க ரி ச என்று ஆர்மோனியத்தில் கொஞ்சம் வேகமாக இறங்கிப் பாருங்கள், பேரப்பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் தெரியும். என் மகள் அந்தத் தொகுப்பைச் சமையலறையில் போடும்போது வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுகிறேன். பொருள் தெரியாமல் ரசிப்பது சரியா?
(வாசகி, கூலிம்)

பதில்: அம்மா, இந்திப் படப் பாடல்களை ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் இந்த நாட்டில் இரண்டு தலைமுறை முணுமுணுத்திருக்கிறது, யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நீங்கள் எந்தப் பாடலில் நிற்கிறீர்கள் என்று எழுதவில்லை. இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலான 'ரிப்பிள்' என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

அந்தப் பெயருக்குச் சிற்றலை என்று பொருள். 1970இல் ராபர்ட் ஹண்டர் லண்டனில் தங்கியிருந்தபோது ஒரே பிற்பகலில் மூன்று பாடல்களை எழுதினார். அவற்றில் ஒன்று இது, இன்னொன்று தட்டில் இதற்கு அடுத்தபடியாகவே வரும் 'புரோக்டவுன் பேலஸ்'. அடுத்தடுத்துக் கேட்கும்போது ஒரு கையெழுத்து தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சிற்றலைப் பாடலின் பல்லவி போன்ற பகுதி ஜப்பானிய ஹைக்கூவைப் போலப் பதினேழு அசையில் அடங்கியது. காற்றும் கல்லும் இல்லாமல் நீரில் அசைவு எழுவதைப் பற்றியது. நம் குறளின் ஏழு சீர்களைப் போல, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அதில் மரக்கிடாருக்குப் பின்னாலிருந்து மெல்லிய நடுக்கத்தோடு ஒரு மேண்டலின் ஒலிக்கும். மேண்டலின் என்றதும் நமக்கு உ. ஸ்ரீநிவாஸ் நினைவுதான் வரும், ஆனால் அவர் கையில் இருந்தது மின்சார மேண்டலின்; இது எட்டுத் தந்தி கொண்ட மரக் கருவி. வாசித்தவர் டேவிட் கிரிஸ்மன். ஒரு பந்து விளையாட்டுத் திடலில் தற்செயலாக எதிர்ப்பட்ட அவரைக் கார்சியா பதிவுக்கு அழைத்துக்கொண்டு போனார் என்பது வரலாறு.

பாடலின் கடைசியில் சொற்கள் நின்றுவிடும். எல்லோரும் சேர்ந்து வெறும் ஓசையாகப் பாடுவார்கள், நம் வீடுகளில் தாலாட்டு பாடுகிறவர்களுக்குச் சொல் மறந்துபோனால் ராகத்தை மட்டும் இழுத்துக்கொண்டு போவதைப் போல. அந்த இடத்தில் ஆங்கிலம் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றுதான், அம்மா. உங்களுக்கு அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் கூடுதலாக இருக்கிறது.

கேள்வி: நம் பிள்ளைகள் உறுமி மேளம் அடித்துக்கொண்டிருக்கும் நாட்டில், எங்கோ இருக்கும் அமெரிக்கக் குழுவின் பழைய தட்டுக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இத்தனை இடம் எதற்கு?
(வாசகர், ரவாங்)

பதில்: உறுமியைப் பற்றி நீங்களே எடுத்துக்கொடுத்ததற்கு நன்றி. தைப்பூசத்தன்று பத்துமலையிலோ ஈப்போவிலோ காவடிக்கு முன்னால் ஓர் உறுமிக் குழு அடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு பாடலைத் தொடங்கிவிட்டால், காவடி எடுப்பவருக்கு அருள் வந்து நின்றுவிட்டால் அதே அடியில் நிற்க வேண்டும், அவர் ஓடினால் ஓட வேண்டும், படியேறினால் நடையை மாற்ற வேண்டும். பாடல் எப்போது முடியும் என்பதைக் குழு தீர்மானிப்பதில்லை. இது சுத்தமான ஜாம். இந்தப் பிள்ளைகளே ஒரு ஸ்டூடியோவுக்குள் போய்க் குறுந்தட்டு வெளியிடும்போது என்ன ஆகிறது? காவடி இல்லை, கூட்டம் இல்லை, வேர்வை இல்லை. பெரும்பாலும் மேடை வேகத்தை அப்படியே கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் அடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்டால் ஊர்வலம் தூரத்தில் போவதைப் போல இருக்கிறது. திருவிழாவில் மயிர்க்கூச்செறிய வைத்த குழுவின் குறுந்தட்டை வீட்டில் இரண்டாம் முறை போட எனக்குத் தோன்றியதில்லை.

அந்த அமெரிக்கக் குழு முதல் மூன்று தொகுப்புகளில் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டது. 1970இல், இந்த அறைக்கு வேறு வகைப் பாட்டு வேண்டும் என்று கருவியைக் குறைத்துக் குரலைக் கூட்டினார்கள். நம் உறுமிப் பிள்ளைகளில் ஒருவராவது, இரண்டு உறுமியையும் ஒரு குரலையும் மட்டும் வைத்துக்கொண்டு, நான்கு நிமிடத்தில் ஒரு கருப்பசாமிப் பாட்டைப் பதிவு செய்து தரட்டும். அடுத்த மாதப் பகுதி முழுவதையும் அதற்குத் தருகிறேன்.

கேள்வி: மேடைப் பதிவும் வேண்டும், ஸ்டூடியோ பதிவும் வேண்டும் என்றால் எதை வாங்கலாம்? வேறு ஜாம் குழுக்களிடமும் நல்ல ஸ்டூடியோ தொகுப்பு உண்டா?
(வாசகர், பகாவ்)

பதில்: 2020இல் வந்த 'அமெரிக்கன் பியூட்டி'யின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பை வாங்குங்கள். அதில் அந்தத் தொகுப்போடு, 1971 பிப்ரவரி 18 அன்று நியூயார்க் மாநிலத்தின் போர்ட் செஸ்டர் நகரில் நடந்த கச்சேரியும் சேர்ந்து வருகிறது. மேடையை மட்டும் கேட்க வேண்டுமானால் 1977 மே 8ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரியைத் தேடுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்த ஒலிப்பதிவைப் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மற்றவர்களில், 1983இல் வெர்மாண்ட் மாநிலத்தில் தொடங்கிய ஃபிஷ் குழுவின் 'பில்லி பிரீத்ஸ்' தொகுப்பைச் சொல்வேன். 1996இல் வெளிவந்தது, ஸ்டீவ் லில்லிவைட்டின் தயாரிப்பு. மேடையில் ஒரு பாடலை அரை மணி நேரம் இழுப்பவர்கள் அதில் அடக்கமாக இருக்கிறார்கள், இரண்டாம் பாதியில் பாடல்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு போகின்றன. ஆல்மன் பிரதர்ஸ் குழுவுக்கு மட்டும் உங்கள் ஈப்போ நண்பரின் விதி பொருந்தும்; அவர்களை 1971இன் 'ஃபில்மோர் ஈஸ்ட்' மேடைப் பதிவில்தான் கேட்க வேண்டும். (ஈப்போ நண்பர் முதல் கடிதக்காரருடையவர், பகாவ் வாசகருடையவர் அல்லர். அவர் இந்தப் பகுதியின் பொது நண்பர் ஆகிவிட்டார்.)

கேள்வி: அந்தத் தொகுப்பின் அட்டையில், ரோஜாவைச் சுற்றி வளைந்திருக்கும் எழுத்தில் இருப்பது 'அமெரிக்கன் பியூட்டி' என்று நான் சொல்கிறேன். என் மகன் 'அமெரிக்கன் ரியாலிட்டி' என்று படிக்கிறான். பந்தயம் கட்டியிருக்கிறோம். தோற்றவர் ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும்.
(வாசகர், சுங்கை பட்டாணி)

பதில்: அட்டையை வரைந்தவர்கள் ஸ்டான்லி மவுஸும் ஆல்டன் கெல்லியும். பியூட்டி என்ற சொல்லின் எழுத்துகளை, ரியாலிட்டி என்றும் படிக்க இடம் தரும் வகையில் நெளித்து வரைந்திருக்கிறார்கள். அமெரிக்கன் பியூட்டி என்பது ஒரு ரோஜா வகையின் பெயர், ஆகவே நடுவில் ரோஜா. நீங்கள் இருவரும் வென்றிருக்கிறீர்கள். உங்கள் ரொட்டிக்கு மகனும் மகனுடைய ரொட்டிக்கு நீங்களும் பணம் கொடுத்துவிடுங்கள், தே தாரிக் தனிக் கணக்கு.